நொண்டினால் ஒரு பிஸ்கட்

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு நாய் நடந்துகொண்டிருந்தது. வயிறு வரை வெதுவெதுப்பான தண்ணீர். காலடியில் ஓடும் பட்டை. எவ்வளவு நடந்தாலும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நம்ம கேஸ் மாதிரியே இருக்கு அண்ணி" என்றான் கொழுந்தன்.

அண்ணி சிரிக்கவில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்த புதிதில் அவளுக்கும் ஒரு பெயர்ப்பலகை, அதில் ஒரு பெயர் எல்லாம் இருந்தது. கணவனின் தம்பியை உதவிக்கு வைத்துக்கொண்டதும் போச்சு. அவன் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, வழக்கு கொண்டுவருபவர்கள், வக்கீல்கள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவலர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணி ஆகிவிட்டாள்.

இது செல்லப் பிராணிகளுக்கான உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையம். அந்தப் பக்கம் ஒரு கிழட்டுப் பூனை காற்றடித்த மெத்தையின் மேல் நின்று தள்ளாடிக்கொண்டிருந்தது. மூலையில் தொடைத் தசை பிடித்துக்கொண்ட பந்தய நாய் ஒன்று கண்ணை மூடிக்கொண்டு வெந்நீர் ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா அண்ணி, எவ்வளவு பதமா ஒத்தடம் குடுக்கிறாங்க? எங்கண்ணன் முதுகு வலின்னா தைலத்தைத் தூக்கி மூஞ்சியில எறியறீங்க."

"உங்கண்ணன் ஓடி ஒரு கோப்பை வாங்கட்டும். அப்புறம் யோசிக்கிறேன்."

இரண்டு பேருக்கும் நடுவில் தங்கை நின்றிருந்தாள். அண்ணியின் தங்கை இல்லை. காணாமல் போன அக்காளின் தங்கை. கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு, "பம்பரம்தான். காதுல அந்த வெட்டு இருக்கு பாருங்க. சத்தியமா பம்பரம்தான்" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அக்காள் நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். இந்தக் கறுப்பு வெள்ளை நாயைக் குட்டியிலிருந்து பழக்கி, தடை தாண்டும் போட்டிகளில் கோப்பை வாங்க வைத்தவள். கல்யாணமானதும் வேலையை விட்டாள். அப்புறம் வீடு மாறினார்கள். புது விலாசம் யாருக்கும் தெரியாது. போன் போட்டால் எடுப்பதில்லை. "நல்லா இருக்கேன், தொந்தரவு பண்ணாதே" என்று செய்தி மட்டும் வரும். போலீஸில் போய்ச் சொன்னால், வயது வந்த பெண், கட்டின புருஷனோடு இருக்கிறாள், செய்தியும் அனுப்புகிறாள், இதில் குற்றம் எங்கே என்று கேட்டார்கள். பிழைப்புக்காக வந்த ஊரில் அக்காளை விட்டால் தங்கைக்கு வேறு நாதியில்லை. அழுதுகொண்டே போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தவள், இந்த நிலையத்தின் விளம்பரப் படத்தில் பம்பரத்தைப் பார்த்தாள். படத்தைக் காட்டிக்கொண்டு அண்ணியிடம் ஓடிவந்தாள்.

மொத்த வழக்கிலும் கையில் கிடைத்த ஒரே நூல் இந்த நாய்.

"என்ன வியாதி இதுக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

கேள்வி, தொட்டி ஓரத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்ற சிகிச்சையாளருக்கு. உள்ளே நுழைந்த உடனேயே கொழுந்தன் அவருக்குத் 'தண்ணி டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டான். மனிதர் நல்லவர். முழுக் கதையையும் கேட்டு முகம் வெளுத்திருந்தார்.

"அதுதாங்க ஆச்சரியம். ஒரு வியாதியும் இல்ல. இடது முன்னங்காலை நொண்டுதுன்னு வீட்டுக்காரரு அனுப்பி வச்சாரு. எக்ஸ்ரே சுத்தம். மூட்டு சுத்தம். நெஜமா நொண்டுற காலா இருந்தா அந்தப் பக்கம் தசை கரைஞ்சு போயிருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி இருக்கு."

"இப்ப நொண்டலையே?"

"தண்ணியில நொண்டாது. ஓடவிட்டா நொண்டாது. கழுத்துல சங்கிலிய மாட்டினா மட்டும் நொண்டும்."

"மாமியார் வந்தா மட்டும் தலைவலி வர்ற மாதிரி" என்றான் கொழுந்தன்.

"உன் வாயை மூடு தம்பி. சங்கிலின்னா வாக்கிங். வாக்கிங்ல மட்டும் ஏன் டாக்டர் நொண்டணும்?"

தண்ணி டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "எங்க தொழில்ல இதை அப்பப்போ பார்ப்போம். வீட்டுல கூட நடக்கிறவங்க யாராவது காலை இழுத்து நடந்தா, நாயும் அதே மாதிரி நடக்கும். வலியே இருக்காது. பாசம்தான். அதனால வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வீட்டுல யாருக்காவது கால்ல அடியான்னு கேட்டேன். யாருமே இல்லைன்னுட்டாரு."

அண்ணி நிமிர்ந்தாள். தங்கையின் கை கண்ணாடியிலிருந்து நழுவியது.

"நொண்டறது நாய் இல்ல" என்றாள் அண்ணி மெதுவாக. "வீட்டுக்குள்ள இருக்கிற ஆளு."

"அக்காவா?" தங்கை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா காலை ஒடிச்சிட்டாரா?"

தொட்டியின் மோட்டார் மட்டும் ஓடியது.

"இதுக்கு நீங்க என்ன வைத்தியம் செஞ்சீங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"பழக்கத்தை மாத்தினோம். நேரா நடந்தா ஒரு பிஸ்கட். நொண்டினா கண்டுக்கறதே இல்ல, முகத்தைத் திருப்பிக்குவோம். முதல்ல ரொம்ப அடம். இப்ப கிட்டத்தட்ட சரியாப் போச்சு." அவர் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. "இன்னிக்கோட அனுப்பிடறோம். இனிமே வர வேண்டியதில்ல."

"எங்கம்மாவும் எனக்கு இதே வைத்தியம்தான் பார்த்தாங்க டாக்டர். பேசாம இருந்தா ஒரு முறுக்குன்னு. முறுக்கு தீர்ந்து போச்சு, வாய் நிக்கல."

அண்ணி அவனைக் கவனிக்கவில்லை. "இன்னிக்கோட அனுப்பிட்டா இந்த நூலும் அறுந்துடும். நாயை யாரு கொண்டுபோய் விடுவாங்க?"

"எங்க வண்டிதான். அவரு இங்க வந்ததே இல்ல. போட்டிக்கு நாய் தயாராகணும், அதுதான் அவருக்கு அவசரம். கோப்பை வாங்குற நாய் வச்சிருக்காருன்னு ஆபீஸ்ல ஏகப்பட்ட பேராம்." கொஞ்சம் தயங்கினார். "கடைசி நாள் வீட்டுத் தரையையும் பார்த்துட்டு வருவோம். வழுக்குதா, படி இருக்கா, எங்க பாய் விரிக்கணும்னு. அது வழக்கம்தான்."

"இன்னிக்கு அந்தத் தரையை நான் பார்க்கிறேன்."

"ஐயோ, என் வேலை போயிடுங்க."

"உள்ள ஒரு பொண்ணு கால் ஒடிஞ்சு கெடக்கிறா டாக்டர். நான் என் கண்ணால பார்த்துச் சொன்னாத்தான் போலீஸ் கதவைத் தட்டும். நாய் நொண்டுதுன்னு போய்ச் சொன்னா வாசல்லயே துரத்துவாங்க."

தண்ணி டாக்டர் நாயைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த நீலச் சட்டைகளில் இரண்டை எடுத்து நீட்டினார்.

வண்டியின் இரு பக்கமும் நாலு கால் பாய்ச்சலில் ஓடும் ஒரு நாயின் படம். பின்பக்கம், பாய்களுக்கும் ரப்பர் பந்துகளுக்கும் நடுவே, பம்பரத்தைக் கட்டிக்கொண்டு தங்கை குந்தியிருந்தாள். அது அவள் கழுத்து, காது, கண்ணீர் எல்லாவற்றையும் நக்கி முடித்துவிட்டு, மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பித்தது.

"அக்கா நாய் கூடவே ஓடுவா" என்றாள். "மைதானத்துல யாரு நாய், யாரு அக்கான்னே தெரியாது. அவளுக்குப் போய் கால்..."

"எலும்பு கூடிடும்மா" என்றான் வண்டி ஓட்டிய கொழுந்தன். "பூனைக்கே மெத்தை போட்டு நிக்க வைக்கிறாங்க. உங்கக்காவை நாம ஓடவே வச்சிடலாம். முதல்ல வெளிய கொண்டு வந்துடுவோம்."

"கண்டிப்பா கொண்டு வந்துடுவீங்களா?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள்.

அமைதியான தெரு. உயரமான கேட். கார் கொட்டகையோடு ஒரு மாடி வீடு. தங்கையை வண்டிக்குள்ளேயே படுத்திருக்கச் சொல்லிவிட்டு இருவரும் நாயோடு இறங்கினார்கள். மணியடித்ததும் கதவு உடனே திறந்தது. சலவைச் சட்டை, சிரித்த முகம். வீட்டுக்காரரைப் பார்த்தால் யாரும் பக்கத்து இருக்கை கொடுப்பார்கள்.

"வாங்க வாங்க. டாக்டர் போன்ல சொன்னாரு. சீக்கிரம் முடிச்சிடலாமா? எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

கூடம் பளிச்சென்று இருந்தது. சுவர் அலமாரி முழுக்கக் கோப்பைகள். ஜன்னல் எல்லாம் சாத்தி, திரை இழுத்திருந்தது. கொழுந்தன் குனிந்து தரையைத் தடவி, டைல்ஸைத் தட்டி, காதை வைத்துக்கூடக் கேட்டான்.

"என்ன கேக்குது?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒண்ணுமில்ல சார். நல்ல தரைன்னா பேசாது."

அண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், கடைசியா ஒண்ணு. வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தரும் இதை ஒரு நடை நடத்திக் காட்டணும். யார் கூட நடக்கும்போது நொண்டுதுன்னு பார்த்தாத்தான் அனுப்ப முடியும். இல்லைன்னா போட்டியில மறுபடி நொண்டிடும்."

போட்டி என்ற சொல் வேலை செய்தது. அவர் முதலில் நடத்தினார். பம்பரம் நேராக நடந்தது. அவர் திருப்தியாகச் சிரித்தார்.

"வேற யாரும் இல்லையா சார்?"

சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் அவளை ஒரு தடவை அளந்தது. "இருக்காளே" என்றார். உள்பக்கம் திரும்பி, "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்றார்.

அண்ணி வாசலையே பார்த்தாள். ஊன்றுகோல் சத்தம் வரும் என்று எதிர்பார்த்தாள். இல்லாவிட்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு கை.

அக்காள் வந்தாள். நன்றாக நடந்து வந்தாள். இரண்டு காலும் சமமாக விழுந்தன. பாதத்தில் கட்டு இல்லை, வீக்கம் இல்லை, இழுப்பு இல்லை. கொஞ்சம் மெலிந்திருந்தாள், அவ்வளவுதான்.

வரும் வழியெல்லாம் மனசுக்குள் கட்டிக்கொண்டு வந்த வழக்கு, அந்த இரண்டு நல்ல கால்களுக்கு முன்னால் சரிந்து விழுந்தது. ஒடிந்த கால் இல்லை என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லை என்றால் அவர்கள் பொய்ச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்தவர் கூடத்தில் நிற்கிறார்கள்.

அக்காள் சங்கிலியை வாங்கி மாட்டினாள். 'டிக்' என்றது. நடந்தாள். பம்பரம் இரண்டடி நேராக வைத்தது. மூன்றாவது அடியில் இடது முன்னங்காலைத் தூக்கியது. தலையை மேலே எறிந்து எறிந்து, பார்ப்பவர் மனம் பதறும்படி நொண்டியது. கூடத்தின் கோடி வரை நொண்டியது. அக்காள் நின்றாள், சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து அதன் வாயில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நிமிர்ந்து, வீட்டுக்காரரைப் பார்க்காமல், நேராக நீலச் சட்டைகளைப் பார்த்தாள்.

கொழுந்தனுக்குத் தான் போட்டிருக்கும் வேஷம் ஞாபகம் வந்தது. நிலையத்து ஆள் மாதிரி ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அடடா, என்ன மேடம் நீங்க! நொண்டினா பிஸ்கட்டா? நேரா நடந்தாத்தான் பிஸ்கட்! நாங்க அங்க ஒண்ணு சொல்லித் தர்றோம், நீங்க இங்க நொண்டறதுக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்கீங்க. இப்படிப் பழக்கினா அது ஏன் மேடம் நடக்கப் போகுது?"

அண்ணிக்குப் புரிந்த அதே நொடியில் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அதுதான் கொடுமை. நாய் யாரையும் பார்த்து நொண்டவில்லை. அக்காள் நொண்டக் கற்றுக்கொடுத்திருந்தாள். கோப்பைக்காக நாயை மட்டும் வெளியே அனுப்புவான், வேறு எதையும் அனுப்பமாட்டான் என்று தெரிந்து, நல்ல காலை நொண்ட வைத்து வாராவாரம் அனுப்பியிருந்தாள். அடிபடாத நாய் ஏன் நொண்டுகிறது, இதை யாரோ பழக்கியிருக்கிறார்களே, அது யார் என்று கேட்கத் தெரிந்த இடம் ஊரில் அந்த நிலையம் ஒன்றுதான். அங்கே அதைக் குணப்படுத்திவிட்டார்கள். அவள் இங்கே பிஸ்கட் கொடுத்துச் சொன்னதை, அவர்கள் அங்கே பிஸ்கட் கொடுத்து அழித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் நிதானமாக நடந்து போய் அக்காளின் கையிலிருந்து சங்கிலியை வாங்கினார். அதைத் தன் கையில் ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. பம்பரத்தின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. அது கத்தவில்லை. கண்ணை மட்டும் அக்காள் பக்கம் திருப்பியது.

"எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க" என்றார் அதே சிரிப்போடு. "சும்மா இருக்கவே மாட்டா."

இனி வேஷத்துக்கு அர்த்தமில்லை. அண்ணி ஓரடி முன்னால் வந்தாள்.

"உங்க தங்கச்சி வெளிய வண்டியில இருக்கா. வர்றதா இருந்தா இப்படியே, இந்தக் காலோட கிளம்பி வாங்க. யாராலயும் தடுக்க முடியாது."

அக்காளின் உதடு அசைந்தது. தங்கச்சி என்ற சொல்லைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த முன்னங்கால்களைப் பார்த்தாள்.

"கேக்கிறாங்கல்ல, சொல்லும்மா" என்றார் வீட்டுக்காரர். "போறியா?"

"சார், நாயைக் கீழ விடுங்க" என்று கொழுந்தன் பாய்ந்தான்.

மறு கையில் போனை எடுத்துவிட்டார் அவர். "போலீஸைக் கூப்பிடட்டுமா தம்பி? சென்டர் பேரைச் சொல்லி என் வீட்டுக்குள்ள நுழைஞ்சது நீங்க. என் பொண்டாட்டி என் வீட்டுல நிக்கிறா. யாரை ஜீப்ல ஏத்துவாங்க?"

கொழுந்தன் அப்படியே நின்றான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"நான் வரல" என்றாள் அக்காள். குரல் தெளிவாக இருந்தது. "நான் நல்லா இருக்கேன். அவகிட்டயும் அப்படியே சொல்லுங்க." பிறகு கணவனிடம் திரும்பி, "இதை அவங்ககிட்ட குடுத்துடுங்க. கொண்டு போகட்டும். இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க சொன்னபடி இருக்கேன்" என்றாள்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க..." என்று அண்ணி கையை நீட்டினாள்.

"கொண்டு போங்கன்னு சொல்றேன்ல!"

வீட்டுக்காரர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நொண்டி நடிக்கத் தெரிந்த நாய், அது எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும், இனி அவருக்கு உதவாது. சங்கிலியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, அண்ணியின் நீட்டிய கையில் வைத்தார்.

"அவ நல்லா இருக்கிறதை உங்க கண்ணால பார்த்துட்டீங்க. போலீஸ் கேட்டா, மறக்காம அதையும் சொல்லுங்க."

கதவு சாத்தியது. உள்ளே தாழ் விழும் சத்தம் கேட்டது.

பம்பரம் கதவை விட்டு நகரவில்லை. கொழுந்தன் அதைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது.

"அண்ணி, நான் அந்த பிஸ்கட் பேச்சை..."

"அப்புறம் பேசலாம். முதல்ல இதை வண்டியில ஏத்து. அப்புறம் கேட்கிட்ட போய் நில்லு. அவ வெளிய எட்டிப் பார்த்தா..." அண்ணி வாக்கியத்தை முடிக்கவில்லை. எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. காலொடிந்த பெண் என்றால் தூக்கிக்கொண்டு ஓடலாம். வரமாட்டேன் என்கிறவளை எந்தச் சட்டத்தில் தூக்குவது?

வண்டியின் பின்கதவுக்குக் கீழே பொத்தானை அழுத்தினான் கொழுந்தன். ஒரு சாய்பலகை உள்ளிருந்து நீண்டு வந்து தரையைத் தொட்டது. குதித்து ஏற முடியாத பிராணிகளுக்கான ஏற்பாடு. பம்பரத்தை அதன்மேல் விட்டான். மேலே தங்கை முழங்காலில் நின்றிருந்தாள்.

"அக்கா எங்க?"

"நல்லா இருக்காங்கம்மா" என்றாள் அண்ணி. "கால் நல்லா இருக்கு."

"அப்போ ஏன் வரல?"

"நாயை அனுப்பியிருக்காங்க."

"நான் நாயையா கேட்டேன்? அண்ணி, நான் நாயையா கேட்டேன்!"

அப்போதுதான் கொட்டகைக் கதவு உயரும் சத்தம் கேட்டது. கார் பின்பக்கமாக வெளியே வந்தது. முன் இருக்கையில் அக்காள். மடியில் அவசரமாகத் திணித்த ஒரு பை, ஜிப் மூடாமல். கார் திரும்பியது. தங்கை சாய்பலகையில் சறுக்கிக்கொண்டு இறங்கி ஓடினாள். கண்ணாடியைக் கையால் அடித்தாள்.

"அக்கா! அக்கா, நான்தான்! இங்க பாரு!"

அக்காள் நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு உள்பக்கம், தங்கையின் கை பட்ட இடத்துக்கு நேராக, அவள் கை ஒரு கணம் எழுந்து விழுந்தது. கார் பறந்தது.

"ஏறு! வண்டியை எடு!" என்று அண்ணி கத்தினாள்.

கொழுந்தன் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டி முனகக்கூட இல்லை. முன் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சாய்பலகை உள்ளே போய் மூடினால்தான் வண்டி கிளம்பும். அண்ணி பின்னால் ஓடிப் பொத்தானை அழுத்தினாள். பலகை மெல்ல எழுந்தது. பலவீனமான கால்கள் பயந்துவிடக் கூடாது என்று, அங்குலம் அங்குலமாக எழும்படி செய்து வைத்திருந்தார்கள். அண்ணி இரண்டு கையாலும் தள்ளினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது தன் வேகத்தில்தான் எழுந்தது.

கார் தெருக்கோடியில் திரும்பி மறைந்தது. கொழுந்தன் அதன் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நம்பரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது? புருஷனும் பெண்டாட்டியும் காரில் போகிறார்கள் என்றா? கையில் இருந்த ஒரே விலாசம் இந்த வீடு. அது இப்போது காலி.

வீதி நடுவில் தங்கை நின்றிருந்தாள். பம்பரம் அவளைத் தாண்டி, காரின் பின்னால், நாலு காலும் தரையில் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பலகை பாதி தூரம் ஏறியிருந்தது. ஏறும் பிராணிகளுக்காக வண்டிக்குள் எங்கோ ஒளித்து வைத்திருந்த ஒலிபெருக்கியில் மெல்லிய இசை ஆரம்பித்தது. கொஞ்சும் குரலில் ஒரு பெண் பேசினாள்.

"பயப்படாதீங்க செல்லம். அவசரமே இல்ல. மெதுவா வாங்க."